துருக்கியைக் காத்த ஹார்டேல் கமிட்டி

ஹார்டேலில் கம்பளி ஆலைகள் பதினான்கு, பிரார்த்தனைக் கூடங்கள் ஒன்பது. துருக்கியைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. அதனால் துருக்கியைப் பற்றி எங்கள் ஊரில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

தெளிவு இரண்டு வகையாக இருந்தது. மேட்டுத் தெருவில் இருந்த கிழக்கு உண்மை விளக்கச் சங்கம், துருக்கி சாகக் கிடக்கிறது என்றது. ஆற்றங்கரையில், மதுவிலக்குத் தேநீர்க் கடையின் மாடியில் கூடிய எங்கள் வெளிநாட்டு விவகாரக் கமிட்டி, துருக்கிக்கு ஒரு நோயும் இல்லை, நோயெல்லாம் லண்டனில் இருக்கிற வெளியுறவு மந்திரிக்குத்தான், அவர் ரஷ்யாவின் கையாள் என்றது. இரு தரப்பின் துண்டுப் பிரசுரங்களும் ஒரே அச்சகத்தில்தான் அச்சாயின. நான் அங்கே பிழை திருத்துபவன். மேட்டுத் தெருக்காரர்களின் ‘துருக்கி இந்த ஆண்டே விழும்’ என்ற பிரசுரத்துக்கு அச்செழுத்துகளைக் கோத்தபடியே, கலைக்காமல் கயிறு கட்டி வைத்திருந்தோம். ஜனவரி வந்தால் ஆண்டை மட்டும் மாற்றுவோம். எங்கள் கமிட்டியின் ‘துருக்கி விழாது’ பிரசுரத்துக்கு அந்தச் சிரமமும் இல்லை.

என் கையெழுத்து அழகாக இருக்கும். நான் அதிகம் பேசவும் மாட்டேன். இந்த இரண்டு தகுதிகளுக்காகக் கமிட்டி என்னைக் குறிப்பு எழுத வைத்துக்கொண்டது. இரண்டாவது தகுதிதான் முக்கியமானது என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தலைவர் இனோக் தாக்ரே முப்பது வருடம் கம்பளி தரம் பிரித்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி ரோமத்தைத் தடவினால், அது ஆட்டின் தோளிலிருந்து வந்ததா தொடையிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடுவார். அந்த விரல்களை இப்போது உடன்படிக்கைகளின்மேல் வைத்திருந்தார். செயலாளர் ஜேபஸ் ஃபர்த் மரச்செருப்பு செய்பவர். அவர்தான் முதல் விதியை எழுதினார். பாராளுமன்றம் வெளியிடுகிற நீல அட்டைப் புத்தகங்களில், எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம் என்று சொல்லாமல் கமிட்டியில் யாரும் எதையும் சொல்லக்கூடாது. ஒருமுறை சகோதரர் ஒருவர் எழுந்து மழை வருகிறது, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டார். பக்க எண் இல்லாததால் உட்கார வைக்கப்பட்டார். நனைந்துகொண்டுதான் கூட்டத்தை முடித்தோம்.

கிரிமியாப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டு, செப்டம்பரில், கெசியா ஹோல்ராய்ட் மாடி ஏறி வந்தாள். தறி ஓட்டுகிறவள். முப்பது வயதிருக்கும். தலைமுடியில் கம்பளித் தூசி ஒட்டியிருந்தது. அவள் கணவர் ஏமோஸ் பாய்லர் பொருத்துகிறவர். கான்ஸ்டாண்டிநோபிளில் சுல்தானின் கப்பல் பட்டறைக்கு விற்ற இயந்திரத்தோடு அவரையும் அனுப்பியிருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். ஏமோஸுக்கும் எழுதத் தெரியாது, கெசியாவுக்கும் படிக்கத் தெரியாது. அங்கே ஒரு ஸ்காட்லாந்து மேஸ்திரி எழுதுவார், இங்கே பக்கத்து வீட்டுக்காரி படிப்பாள். பிப்ரவரிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நடுவில் ரயில் பாதைக்காக அவள் இருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள், படித்துச் சொல்கிறவளும் வேறிடம் போய்விட்டாள். ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும், பதில் இந்த மாடிக்கே வரட்டும், வந்ததும் யாராவது படித்துச் சொன்னால் போதும் என்றாள்.

 ஒன்பது வருடமாகத் துருக்கியைக் காத்துவருகிறோம். துருக்கியில் ஆள் இருக்கிற ஒருவரை அன்றுதான் பார்த்தோம்.

“உங்க வீட்டுக்காரரைப் பத்தி நீலப் புத்தகத்துல எத்தனாவது பக்கத்துல வருதும்மா?” என்று ஜேபஸ் கேட்டார்.

“அவரு புத்தகத்துல எல்லாம் வர்ற ஆள் இல்லீங்க,” என்றாள் கெசியா. “பாய்லர் பாக்கறவரு.”

பெருந்தன்மையோடு விதியைத் தளர்த்தி, கடிதம் எழுதத் தீர்மானித்தார்கள். அதை எழுத மூன்று கூட்டங்கள் ஆயின. பதினொரு பக்கம் வந்தது. ரஷ்யாவும் துருக்கியும் எண்பது வருடத்துக்கு முன் செய்துகொண்ட உடன்படிக்கையின் ஏழாவது பிரிவில் தொடங்கி, கருங்கடல் கோட்டைகளின் பீரங்கிகளை எண்ணி, சுல்தானின் மந்திரிகளில் யார் யார்மேல் சந்தேகம் என்று பெயர் சொல்லி முடிந்தது. உடம்பு எப்படி இருக்கிறது, எப்போது வருவீர்கள் என்று கெசியா கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகளும் ஒன்பதாம் பக்கத்தில் அடிக்குறிப்பாக இடம் பெற்றன. நல்ல பிரதி எடுத்தவன் நான். பெரிய எழுத்துகளுக்கு வால் வைத்து எழுதினேன். அதைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நவம்பர் இரண்டாவது வாரம் பதில் வந்தது. உறை பழுப்பேறியிருந்தது. காடியின் புளித்த வாசனை அடித்தது. அரக்கு முத்திரை முழுசாக இருந்தது, ஆனால் உறையின் இரண்டு ஓரத்திலும் உளியால் போட்டதுபோல நேரான இரண்டு வெட்டுகள். யாரோ ஆலைக்குச் சொல்லி அனுப்ப, கெசியா சாப்பாட்டு மணிக்கு ஓடி வந்தாள். மேல்விலாசத்து எழுத்து ஸ்காட்லாந்து மேஸ்திரியுடையதுதான் என்று பார்த்ததும் சொன்னாள். அப்படியானால் நல்ல செய்திதானே என்றேன்.

“ஆள் செத்தாலும் அவர்தானங்க எழுதுவாரு,” என்றாள்.

ஜேபஸ் முத்திரையை உடைக்கக் கத்தியை எடுத்தபோது இனோக் தாக்ரே கையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு உறையின் வெட்டுகளை விரலால் தடவினார்.  பிறகு கண்ணைத் திறந்து, இது லண்டன் கத்தி என்றார். வெளியுறவு இலாகா இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் பார்த்திருக்கிறது. ஒன்பது வருடமாக நாம் சொல்லிவருவதற்கு முதல் சாட்சி இதோ கையில் இருக்கிறது. முத்திரை முழுசாக இருக்கிறவரைதான் வெட்டு சாட்சி சொல்லும். நாமே உடைத்துவிட்டால், வெட்டும் நாம் போட்டதுதான் என்று மந்திரி சொல்லிவிடுவார்.

ஆகவே கடிதத்தைப் பிரிக்கக்கூடாது என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

கெசியாவுக்கு முதலில் புரியவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். கை நீண்டிருக்கும்போதே தீர்மானத்தை எழுதி முடித்தேன்.

தலைவரின் வீட்டில் பாடம் செய்த ஆந்தை ஒன்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. ஆந்தையை வெளியே எடுத்துவிட்டுக் கூண்டைக் கொண்டுவந்து கடிதத்தின்மேல் கவிழ்த்தார்கள். கமிட்டி அறை மேஜையின் நடுவில், விவிலியத்துக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் இடையில், அது இருந்தது. செவ்வாய்க்கிழமைகளில் கெசியா வந்து பார்க்கலாம் என்று சலுகை கொடுத்தார்கள்.

அவள் வந்தாள். ஆலை விட்டதும் நேராக வருவாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்ப்பாள். போவாள். வருகிறபோதெல்லாம் பிரிக்கலாமா என்று ஒருமுறை கேட்பாள். கோபமாகக் கேட்டிருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் விடாமல் கேட்டதால் விஷயம் உபகமிட்டிக்குப் போயிற்று. துருக்கி சம்பந்தமான கடினமான முடிவுகளை உபகமிட்டி துருக்கிக் குளியல் அறையில்தான் எடுக்கும். சுல்தானின்மேல் உள்ள மரியாதையால் தேநீர்க் கடையின் பின்கட்டில் நாங்களே கட்டிய குளியல் அது. நன்றாக வியர்த்தால் ரஷ்யச் சிந்தனை உடம்பிலிருந்து வெளியேறும் என்பது தலைவரின் நம்பிக்கை. பெண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. டிசம்பர்ப் பனியில் கெசியா வாசலில் இரண்டு மணி நேரம் நின்றாள். கடைசியில் கதவு ஒரு சாண் திறந்தது. ஆவிக்கு நடுவில் ஜேபஸின் தலை மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

“உங்க பக்கம் நியாயம் இருக்குன்னு ஒருமனதா முடிவு பண்ணியிருக்கோம் தங்கச்சி,” என்றார். “ஆனா பிரிக்கிறதுக்கு இல்ல.” கதவு மூடிக்கொண்டது.

கிறிஸ்துமஸ் வருவதற்குள் ‘வெட்டுப்பட்ட கடிதம்’ என்ற எங்கள் பிரசுரம் வந்துவிட்டது. அட்டையில் உறையின் மரக்கட்டைச் சித்திரம். உள்ளே ஏமோஸ் ஹோல்ராய்ட், கமிட்டியின் கிழக்குப் பிரதிநிதி என்று குறிப்பிடப்பட்டிருந்தார். இரண்டாம் பதிப்பில் எங்கள் அந்தரங்கத் தூதர் ஆனார். பாய்லர் என்ற சொல் எந்தப் பதிப்பிலும் இல்லை. மேட்டுத் தெருச் சங்கம் பத்தே நாளில் பதில் பிரசுரம் போட்டது. ஒரு உறையைக்கூட முழுசாகக் கொண்டுசேர்க்க முடியாத அளவுக்குத் துருக்கியின் தபால் நொடிந்துவிட்டது, இந்த வெட்டுகள் ஒரு சாம்ராஜ்யத்தின் கிழிசல் என்று அதில் இருந்தது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்து நான் பிழை திருத்தினேன். பிழைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன.

பக்கத்து ஊர்க் கமிட்டிகளிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, தொப்பியைக் கழற்றிவிட்டுக் கடிதத்தைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு முன்னால் சும்மா நிற்கிற பெண் யார் என்று சிலர் கேட்டார்கள். தொடர்புடையவர் என்று ஜேபஸ் சொன்னார்.

கெசியா அந்தக் குளிர்காலம் முழுவதும் பழுப்பு நிற உடைதான் உடுத்தினாள். பிரார்த்தனைக் கூடத்துப் பெண்கள் துக்கம் காக்கக் கறுப்புத் துணி கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அதை மடித்தபடியே வைத்திருந்தாள். கறுப்பு உடுத்தினால் அவரைக் கொன்றதுபோல, கலர் உடுத்தினால் ஊர் சிரிக்கும் என்று புதிய பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாளாம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் படி இறங்கும்போது அவள் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“நீங்கதான குறிப்பு எழுதறவரு? நான் பிரிக்கச் சொல்லிக் கேட்டேன்னு எழுதினீங்களா?”

எழுதினேன் என்றேன்.

“அவங்க என்ன சொன்னாங்கன்னு எழுதினீங்க?”

“கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு.”

அவள் நகர்ந்து எனக்கு வழி விட்டாள். நான் வீட்டுக்குப் போய்ப் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன். பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு. நாம் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தோன்றும். கதவைத் திறக்கிற சாவி கையில் இருந்தும் சும்மா இருக்கிறவனுக்கும் அப்படித்தான் தோன்றும் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தேன். நினைத்ததோடு சரி.

மார்ச்சில் நெசவாளர் மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தார்கள். கடிதம் கூண்டோடு மேடைக்கு வந்தது. ஐந்நூறு பேர் இருந்திருப்பார்கள். தலைவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். முடித்ததும் பின்வரிசையிலிருந்து வெளியூர்க் கிழட்டு மாலுமி ஒருவர் எழுந்தார். கிழக்கே இருந்து வருகிற கடிதத்துக்கெல்லாம் துறைமுகத்தில் அப்படித்தான் வெட்டுப் போடுவார்கள், கொள்ளைநோய் பரவாமல் இருக்க உள்ளே புகை போவதற்காக, காடியிலும் தோய்ப்பார்கள், தன் பெட்டியிலேயே அப்படிப்பட்ட கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது என்றார்.

 எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம் என்று ஜேபஸ் கேட்டார். கிழவர், நான் முப்பது வருடம் கப்பலில் இருந்தவன் என்றார். அது பக்கம் ஆகாது என்று தலைவர் தீர்ப்பளித்தார். கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓய்வதற்குள் கெசியா மேடை ஏறிவிட்டாள். ஓடவில்லை. தறியில் அறுந்த இழையை முடியப் போகிறவள்போல நடந்து போனாள். கூண்டைத் தூக்கித் தரையில் வைத்தாள். கடிதத்தை எடுத்தாள்.

இனோக் தாக்ரே எழுந்து நின்றார். 

“கெசியாம்மா, வேண்டாம். நான் சொல்றதைக் கேளுங்க. அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுன்னா, அப்புறம் அதைப் பத்தி நாங்க என்னம்மா பேசறது?”

அவள் கட்டைவிரலால் அரக்கை உடைத்தாள். தாளை விரித்துப் பார்த்தாள். எழுத்துகள் அவளைப் பார்த்தன. ஜேபஸிடம் நீட்டினாள், அவர் சாட்சியை அழித்த குற்றத்தில் பங்கு வேண்டாம் என்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போது மேடை ஓரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள்.

“படிங்க,” என்றாள்.

படித்தேன். ஒன்பது வருடத்தில் ஒரு கூட்டத்தில் என் குரல் கேட்டது அன்றுதான்.

ஏமோஸ் உயிரோடு இருந்தார். வசந்தகாலத்தில் காய்ச்சல் வந்து மூன்று மாதம் படுத்துவிட்டார். பிறகு எழுதிய கடிதம் பழைய வீட்டு விலாசத்துக்குப் போய்த் திரும்பிவிட்டிருந்தது. அக்டோபரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறார். அந்த நேரம் பார்த்துப் பதினொரு பக்கக் கடிதம் ஒன்று அவர் பெயருக்கு வந்தது. துறைமுகக் காவலர்கள் அதைப் படித்தார்கள். கோட்டைகளின் பீரங்கிக் கணக்கும், மந்திரிகளின் பெயர்களும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவனுக்குப் பதினொரு பக்கம் யாராவது எழுதுவார்களா என்று காவல் அதிகாரி கேட்டார். ஏமோஸுக்கும் அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஏழாவது பிரிவைப் பற்றி உன் கருத்து என்ன என்று கேட்டார்கள். பாய்லரில் ஏழாவது பிரிவு எது என்று தெரியவில்லை என்றார். ரஷ்ய உளவாளி என்று பிடித்து வைத்துவிட்டார்கள்.

“இவர்கள் நல்லவர்கள்,” என்று கடிதம் சொன்னது. “பகலில் பாய்லர் பார்க்க வெளியே விடுகிறார்கள், சாயங்காலம் உள்ளே வைக்கிறார்கள். நல்ல சூப் கொடுக்கிறார்கள். அந்தப் பதினொரு பக்கத்தை எழுதினவருக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று அதே கையெழுத்தில் ஒரு வரி வந்தால் அன்றைக்கே விட்டுவிடுவதாக அதிகாரி சொல்கிறார். சீக்கிரம் அனுப்பச் சொல்லு கெசியா. குளிர் தொடங்கிவிட்டது.”

கடிதம் வந்து பத்தொன்பது வாரம் ஆகியிருந்தது.

 இனி ஏதாவது நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது.

“சகோதரர்களே,” என்றார், “நம்ம ஆள் சிறையில இருக்கார்.”

ஐந்நூறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேட்டுத் தெருவுக்கு இப்படி ஒருவர் உண்டா? சுல்தானின் காவலர்களுக்குள்ளேயே ரஷ்யக் கையாட்கள் புகுந்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? விடுதலை கோரி மந்திரிக்கு மகஜர், நாடெங்கும் கையெழுத்து, நான்காம் பதிப்பு என்று தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கெசியா நடுவில் நின்று, அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள், நான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசியில்தான் தலைவருக்குக் கேட்டது.

“சம்பந்தம் இல்லன்னு எழுதறதா?” என்றார். மனம் நொந்துபோனவராகத் தெரிந்தார். “கிழக்குல நமக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஆளு. அவரைத் தெரியாதுன்னு எப்படிம்மா எழுத முடியும்? மூணு பதிப்பு போட்டிருக்கோம்.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  பதினொரு பக்கத்திலும் இருந்த கையெழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியும்.

நான் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அந்தப் புத்தகத்தில் தாள் கிழிக்கக்கூடாது என்று தனி விதி உண்டு. எழுதினேன்: ‘பதினொரு பக்கமும் எழுதிய கை இதுதான். எழுதியவனுக்குத் துருக்கியும் தெரியாது, ரஷ்யாவும் தெரியாது. லீட்ஸ் நகரத்துக்கு அப்பால் போனதில்லை. ஏமோஸ் ஹோல்ராய்டை அவன் பார்த்ததே கிடையாது. அவர் பாய்லர் வேலைக்காரர். அவர் மனைவி காத்திருக்கிறாள்.’ ஒரு வரி கேட்டார்கள், ஆறு ஆகிவிட்டது. கமிட்டிப் பழக்கம்.

பெரிய எழுத்துகளுக்கு வால் வைக்க மட்டும் மறக்கவில்லை. அதிகாரி அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமே.

அன்றே என் ராஜினாமாவையும் கொடுத்தேன். அது மேஜைமேல் வைக்கப்பட்டிருக்கிறது. முறை வரும்போது எடுத்துக்கொள்வார்கள்.

ஏமோஸ் ஜூன் மாதம் ஹல் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்து சேர்ந்தார். மெலிந்திருந்தார், தாடி வைத்திருந்தார். நல்ல உயரம். அவர் வந்த மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். கெசியா நீலப் பூப்போட்ட உடை உடுத்தியிருந்தாள். ஓட்ஸ் ரொட்டியும் வெண்ணெயும் வைத்தாள். நாங்கள் மூவருமே பேச்சில் கெட்டிக்காரர்கள் இல்லை என்பதால் நேரம் நன்றாகப் போயிற்று.

அப்போது ஜேபஸ் ஃபர்த் மரச்செருப்புச் சத்தத்தோடு வந்தார். கையில் மகஜர். ஹார்டேலில் இன்னும் கையெழுத்து வாங்காத வீடுகளைத் தெருத்தெருவாக முடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். மேஜையில் தாளை விரித்து, சிறையில் வாடும் ஏமோஸ் ஹோல்ராய்டின் விடுதலைக்கு என்று ஆரம்பித்தார்.

“இவருதாங்க அது,” என்றாள் கெசியா. “வந்து இருபது நாளாச்சு.”

ஜேபஸ் ஏமோஸை மேலும் கீழும் பார்த்தார். பார்க்காததை நம்புகிறவர் அவர். பார்த்ததை நம்பச் சொன்னால் கொஞ்சம் திணறினார். பிறகு சமாளித்துக்கொண்டார்.

“கேள்விப்பட்டோம். ஆனா கமிட்டி இன்னும் அதை ஏத்துக்கலை தங்கச்சி. ஆகஸ்ட் கூட்டத்துல வருது. அதுவரைக்கும் அவர் உள்ளதான் இருக்கார். ஆயிரத்து நானூறு கையெழுத்து வாங்கியாச்சு, இப்ப போய்...” வாக்கியத்தை முடிக்காமல் ஏமோஸின் பக்கம் தாளைத் தள்ளினார். “நீங்களும் போடலாம் சகோதரரே. விதியில தடை இல்ல.”

ஏமோஸ் தாளைப் பார்த்தார். ஏழு மாதச் சிறையில் அவர் ஒன்று கற்றிருந்தார்: எழுதின தாளோடு வழக்காடக்கூடாது.

“விடச் சொல்லித்தான கேக்கறீங்க?” என்றார்.

“ஆமா.”

“நல்ல காரியந்தான்.” கையை உடையில் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, கையெழுத்துக்குப் பதிலாக அழுத்தமாக ஒரு சிலுவைக் குறி போட்டார். ஜேபஸ் பக்கத்தில் ‘ஏமோஸ் ஹோல்ராய்ட், அவர் குறி’ என்று எழுதி, மையை ஊதிக் காயவைத்து, தாளைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

செருப்புச் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். கெசியா மூன்று கோப்பைகளிலும் மறுபடி தேநீர் ஊற்றினாள். ஏமோஸ் ரொட்டியை எடுத்தார், கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு கவலையோடு என்னைக் கேட்டார்:

“விட்டுருவாங்களா, என்ன நினைக்கிறீங்க?”